மாற்றாமல் வைத்த ஒன்று

பாப்பா ஊதுகிற சத்தம் தொந்தரவாக இருக்குதுங்களா அக்கா? இருந்தால் சொல்லிவிடுங்க. வாங்கி வைத்தால் அழுவாள், அதனால்தான் விட்டிருக்கிறேன். பஸ் பொள்ளாச்சி போய்ச் சேரும்வரை ஊதிக்கொண்டேதான் வருவாள்.

விசில் இல்லைங்க. துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் குப்பி. பயந்துக்காதீங்க, காலிக் குப்பிதான், வெடித்து முடிந்தது. கழுத்தில் மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது என்று எங்கள் சார் ஒதுக்கிப் போட்டது. பளபளவென்று இருக்குதல்லவா? தினமும் புளி போட்டுத் தேய்த்துத்தான் கையில் கொடுப்பேன். அழுக்கோடு கொடுக்க மாட்டேன்.

நான் இப்படி யாரிடமும் பேசுகிறவள் இல்லைங்க. எங்கள் மாமியார் எனக்கு வைத்த பெயரே ஊமைக்கோட்டான். நீங்கள்தான் 'பாப்பா என்ன கண்ணு பேசும்' என்று கேட்டுவிட்டீர்கள். காலையிலிருந்து கோயமுத்தூர் ஆசுபத்திரியில் டாக்டரம்மா கேட்டதெல்லாம் கேள்வி. நீங்கள் ஒருத்தர்தான் பாப்பாவைப் பற்றிக் கேட்டது.

பேசினாள் அக்கா. ஒன்றரை வயதிலேயே பேசினாள். அம்மா, ஆயா, தண்ணி, காக்கா. தலையில் பூ வைத்தால் பிடுங்கிப் போட்டுவிட்டு 'பூ வேணா' என்பாள். அவங்கப்பா டிராக்டர் சத்தம் கேட்டால் 'டுர்ர் வந்தாச்சு' என்று வாசலுக்கு ஓடுவாள். தன்ஷிகா என்று பெயர், தனு என்று கூப்பிட்டால் இரண்டு தெரு தள்ளி இருந்தாலும் 'ஓ' என்பாள். இப்போது மூன்று வயது நடக்கிறது. ஒவ்வொன்றாகப் போய்விட்டதுங்க. முதலில் காக்கா போனது. போனது எங்களுக்கே தெரியவில்லை, காக்காவைக் காட்டினால் சும்மா பார்த்தாள், அவ்வளவுதான். கடைசியாக அம்மா போனது. அது தெரிந்தது.

இப்போது இந்த ஊதல் ஒன்றுதான் அவளுக்குப் பேச்சு. பசித்தால் ஊதுவாள். நான் கண்ணில் படாவிட்டால் ஊதுவாள். அதனால் நான் இதை வாங்கி வைக்கிறதில்லை.

என் வேலையா? சொன்னால் நம்ப மாட்டீர்கள். தோட்டா செய்கிற வேலை. அய்யோ, திருட்டு வேலை இல்லைங்க. சாருக்கு லைசென்ஸ் எல்லாம் இருக்கிறது, கலெக்டர் ஆபீஸ் சீல் போட்டு கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறது. ரங்கதுரை சார் என்று பெயர். மில் குடும்பம். எங்கள் வீட்டுக்காரர் அவருடைய தென்னந்தோப்பில் டிராக்டர் ஓட்டுகிறார். தோப்புக்குள்ளேயே எங்களுக்கு வீடு.

சார் தூரம் சுடுகிற போட்டிக்குப் போகிறவர். ஆயிரம் கஜத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காகிதம் இருக்கும். அதில் சுட வேண்டும். நம்ம கண்ணுக்கு காகிதமே தெரியாது. துப்பாக்கி அவர் சொல்லிச் செய்தது, அதற்குக் கடையில் தோட்டா கிடைக்காது. 'கடையில விக்கறதெல்லாம் தொங்கவிட்ட சட்டைம்மா. எனக்கு அளவெடுத்துத் தெச்சாத்தான் ஆகும்' என்பார். அந்த அளவெடுக்கிற வேலைக்குத்தான் நான் போனது.

எங்கப்பா நகைப்பட்டறை வைத்திருந்தார். நான் ஆறாவதோடு நின்று பட்டறையில் உட்கார்ந்தவள். பொடித் தங்கத்தை எடை போடும்போது மூச்சுப் பட்டால்கூடத் தட்டு அசையும். மூச்சை அடக்கி எடை போடப் பழகிவிட்டேன். அது எப்படியோ சார் காதுக்குப் போய்விட்டது. 'உன் சம்சாரத்தை ஒரு நாள் அனுப்பு, பாக்கலாம்' என்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னார். போனேன். தோட்டாவுக்குள் போடுகிற வெடிமருந்தை எடை போடச் சொன்னார். போட்டேன். அவர் மறுபடி போட்டுப் பார்த்தார். மறுபடி என்னைப் போடச் சொன்னார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு 'உக்காரும்மா' என்றார். சார் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அந்த ரூமில் ஃபேன் போடக் கூடாது அக்கா. காற்றுப் பட்டால் தராசு ஆடும். சன்னலும் சாத்தியிருக்கும். சித்திரை வெயிலில்கூட அப்படித்தான். உள்ளே வரும்போது சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வரக் கூடாது. எண்ணெய்க் கை மருந்தில் பட்டால் மருந்து கெட்டுவிடுமாம். நான் ஒரு நாள்கூட கழுவாமல் நுழைந்ததில்லை. வெளியே வரும்போது கழுவச் சொன்னதில்லை. நானும் கழுவினதில்லை. பாப்பா வாசலில் தூளியில் கிடப்பாள், பசித்து அழுவாள், ஓடிப்போய் எடுத்துக்கொள்வேன்.

சுட்டுவிட்டுக் கொண்டுவருகிற குப்பியெல்லாம் உள்ளே கரி பிடித்திருக்கும். அதை மக்காச்சோளச் சக்கைத் தூளோடு ஒரு டிரம்மில் போட்டு உருட்டினால் பளிச்சென்று ஆகிவிடும். அப்புறம் தூளைச் சலித்துக் குப்பியைப் பொறுக்க வேண்டும். சலிக்கும்போது புகைமாதிரி கறுப்பாகப் பறக்கும். மூக்குச் சிந்தினால் கறுப்பாக வரும். அது ஒன்றுதான் சள்ளை பிடித்த வேலை. மற்றபடி குண்டைத் தரம் பிரிக்கிறது, மருந்து நிறுக்கிறது எல்லாம் கோயிலில் உட்கார்ந்திருக்கிறமாதிரி இருக்கும்.

சார் ரொம்பச் சுத்தம் பார்க்கிறவர். டிரம் பக்கம் வந்தால் மூக்கில் கவசம், கையில் உறை. வேலை முடிந்தால் முழங்கை வரைக்கும் தனிச் சோப்புப் போட்டுக் கழுவுவார். ரூமுக்கென்று ஒரு சட்டை. அதைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் பெரிய வீட்டுக்குள் போவார். சாருடைய வீட்டம்மா அந்தச் சட்டையை மற்ற துணியோடு சேர்க்க விடமாட்டார்கள். எனக்கு அப்போது மனசுக்குள் ஒரு மாதிரி இருந்ததுங்க. நம்ம புழங்குகிற ரூம், நம்ம தொட்ட சாமான், அதனால்தான் இப்படித் தீட்டுப் பார்க்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். பெரிய இடத்தில் அப்படித்தானே. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார்களோ என்று இருந்தது.

ஒரு நாள் அவர் பேத்தி, நாலு வயசுக் குழந்தை, சென்னையிலிருந்து வந்திருந்தது, வாசல் வரைக்கும் வந்து ஒரு குப்பியை எடுத்து வாயில் வைத்துவிட்டது. சார் பாய்ந்து வந்து பிடுங்கினார். தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் வைத்து வாயைக் கழுவினார். மூன்று தடவை கழுவினார். அது கத்துகிறது, இவர் விடவில்லை. அதற்கப்புறம் பேத்தியை அந்தப் பக்கமே விடவில்லை. ஒரு பித்தளைத் துண்டுக்கு இவ்வளவா என்று எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

அடுத்த வாரமே நான் கேட்டேன் அக்கா. ஒரு வருஷத்தில் அவரிடம் நானாகக் கேட்டது அது ஒன்றுதான். விரிசல் விட்ட குப்பியெல்லாம் ஒரு டப்பாவில் கிடந்தது. 'சார், இதுல பாப்பாவுக்கு ஒண்ணு எடுத்துக்கட்டுங்களா, ஊதி விளையாடறதுக்கு' என்றேன். அவர் கண்ணாடி வைத்து ஒரு குண்டின் நீளத்தை அளந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. 'ம்' என்றார்.

தன் பேத்திக்குக் கொடுக்காததை என் பிள்ளைக்குக் கொடுத்தார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அவர் நல்லவர் அக்கா. நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஒரு தடவை வெளியூர் மைதானத்தில் சுட்டுவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டு அந்தக் காகிதத்தைக் காட்டினார். ஐந்து ஓட்டை. ஐந்தும் ஒரு தேங்காய் மூடிக்குள் அடங்கிவிடும். ஆயிரம் கஜத்தில். 'சுட்டது நானு, ஆனா இது உன் கைம்மா' என்றார். என் கையை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்தக் காகிதத்தை வாங்கிவந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். மாமியார் பார்த்துவிட்டு, 'ஓட்டை விழுந்த காயிதத்துக்கு ஊதுபத்தி ஒண்ணுதான் குறை' என்றார்கள்.

அவர் எனக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார். தோட்டா சரியாக வரவில்லை என்றால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மருந்தைக் கூட்டினால் குண்டை மாற்றாதே. குண்டை மாற்றினால் மருந்தைத் தொடாதே. 'ரெண்டை ஒண்ணா மாத்துனா எதனால சரியாச்சு, எதனால கெட்டுதுன்னு தெரியாது. மிச்சமெல்லாம் அசையாம இருக்கணும்' என்பார். நோட்டில் எழுதிக்கொள்வேன். இன்றைக்கு மாற்றினது இன்னது, மாற்றாதது இன்னது என்று. என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

பாப்பாவுக்கு வயிற்றுவலி வந்தது வைகாசியில். சாப்பிட மாட்டாள், வெளியே போக மாட்டாள், சுருண்டு படுத்துக்கொள்வாள். பக்கத்து டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். கேட்கவில்லை. அப்போதுதான் எனக்குச் சார் சொன்ன பாடம் ஞாபகம் வந்தது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். முதலில் ராகிக்கூழை நிறுத்தினேன். பத்து நாள் பார்த்தேன். மாற்றமில்லை என்று எழுதிவிட்டு ராகியை மறுபடி ஆரம்பித்துத் தண்ணீரை மாற்றினேன். பத்து நாள். அப்புறம் பால். அப்புறம் மந்திரித்துக் கட்டின கயிறு, அதையும் ஒன்றாகத்தான் எழுதினேன். மாமியார், 'எல்லாத்தையும் நிறுத்திப்போட்டு நேராப் பெரியாசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போடி' என்றார்கள். 'இல்லீங்கத்தை, எல்லாத்தையும் ஒண்ணா மாத்துனா எதனாலன்னு தெரியாம போயிரும்' என்றேன். 'குண்டை நிறுக்கத் தெரியுது, புள்ளை இளைக்கறது தெரியலையா உனக்கு' என்று அழுதார்கள். ஊமைக்கோட்டான் அன்றைக்குத்தான் எதிர்த்துப் பேசினேன். பேசியிருக்கக் கூடாது.

ஆடி மாதம், காற்று அடிக்கிறது பாருங்கள், தென்னை மட்டையெல்லாம் வந்து ஓட்டில் விழுகிறது, அந்த மத்தியானத்தில் பாப்பாவுக்கு வெட்டு வலிப்பு வந்தது. கண் மேலே சொருகிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் டிராக்டரிலேயே போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓட்டினார். நோட்டு பதினெட்டாம் பக்கத்தில் நின்றது.

பெரியாசுபத்திரியில்தான் ரத்தம் எடுத்துப் பார்த்துக் காரீயம் என்றார்கள். உடம்பில் காரீயம் ஏறியிருக்கிறதாம், அது மூளையைப் பிடிக்குமாம். பாட்டில் ஏற்றி, மருந்து கொடுத்து இறக்கினார்கள். இருபது நாள் அங்கேயே கிடந்தோம். குப்பியை நான் கொண்டுபோகவில்லை, அங்கே எல்லாம் வெள்ளை வெள்ளையாக இருந்தது, கூச்சமாக இருந்தது. கடைசி நாளில் 'தண்ணி' என்றாள் அக்கா. சத்தியமாகச் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரிகூடக் கேட்டாள்.

எங்கே வேலை என்று டாக்டரம்மா அப்போதே கேட்டார்கள். தோப்பில் என்றேன். அது பொய்யில்லையல்லவா. தோட்டா வேலை என்று வெளியில் சொல்ல மாட்டேன் என்று சாருக்கு முதல் நாளே வாக்குக் கொடுத்திருக்கிறேன், கற்பூரம் அடிக்காத குறை. துப்பாக்கி இருக்கிற வீடு என்று ஊருக்குத் தெரியக் கூடாதாம், களவு பயம். உங்களிடம்தான் எப்படியோ வாய்விட்டுவிட்டேன். ஆனால் எனக்கே தெரிந்துபோயிற்று, குண்டுக்குள் இருக்கிறது காரீயம்தானே. எங்கள் வீட்டுக்காரர் போய்ச் சாரிடம் சொன்னார். சார், 'என் ரூம்ல இருந்துதான்னு யாரு சொன்னா?' என்று கேட்டாராம். யாரும் சொல்லவில்லை என்றிருக்கிறார் இவர். 'நல்லா வைத்தியம் பாரு. வாக்கு ஞாபகம் இருக்கட்டும்' என்று சொல்லி அனுப்பினார். நான் வேலையை விட்டுவிட்டேன். அந்த வாரமே ஆள் வைத்து அந்த ரூமைக் கழுவித் துடைத்து, வெள்ளையடித்துப் பூட்டிவிட்டார். டிரம்மைக்கூட எங்கேயோ அனுப்பிவிட்டார். நான் இல்லாத ரூமைப் பார்க்க அவருக்கே முடியவில்லை போல. அவருக்குத் தெரியுமா பாவம், இப்படி ஆகும் என்று?

நான் என் சேலையெல்லாம் எரித்தேன். வீட்டை மூன்று தடவை கழுவினேன். இனிமேல் இறங்கிவிடும் என்று இருந்தேன்.

ஏறிவிட்டது அக்கா. வேலையை விட்டு இரண்டு மாதம், இன்றைக்குப் பார்த்தால் முன்னைவிட அதிகம். 'தண்ணி' போய்விட்டது. டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். 'வீட்டுலதான் எங்கியோ இருக்கு. யோசிச்சுச் சொல்லும்மா. திங்கக்கிழமை வந்து சேந்துக்கோ, ஆனா எங்கிருந்து வருதுன்னு தெரியாம மருந்து குடுத்துக் குடுத்து அனுப்பறதுல பிரயோஜனமில்ல. இன்னொரு தரம் இப்படி ஏறுச்சுன்னா பேச்சு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது' என்றார்கள்.

எனக்கு ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், சொன்னால் திட்டுவீர்கள், லேசாகவும் இருந்தது. சாருடைய ரூமாக இருந்தால் நான் வேலையை விட்டபிறகு இறங்கியிருக்க வேண்டுமே? மாற்றின பிறகும் ஏறுகிறதென்றால் காரணம் அது இல்லை. அவர் சொல்லிக்கொடுத்த கணக்கே அதுதானே. அவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று ஆயிற்று.

டாக்டரம்மா விடவில்லை. கண்மை வைக்கிறாயா, குங்குமம் எந்தக் கடை, பழைய பெயிண்ட் உரிகிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை. பின்னால் வரிசை நிற்கிறது. 'ஈயச் சொம்புல ரசம் வெப்பியா? இப்ப மலிவு சொம்புல காரீயம் கலக்கறாங்க' என்றார்கள். 'ஆமாங்க' என்று சொல்லிவிட்டேன். அவர்கள் முகமே தெளிந்துபோயிற்று. 'அதான் பாரு. இன்னைக்கே தூக்கிப் போட்டுடு, திங்கக்கிழமை அதைக் கொண்டுவந்து காட்டிட்டுப் போடு' என்று சீட்டில் எழுதிக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் ஈயச் சொம்பே கிடையாது அக்கா. பொள்ளாச்சியில் இறங்கி ஒன்று வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும், காட்டுவதற்கு.

ஏன் பாப்பா கையையே பார்க்கிறீர்கள்?

எதை? இதையா? இது பித்தளைங்க. பித்தளையில் என்ன இருக்கிறது? காரீயம் குண்டில்தான். குண்டு போய்விட்டது, இது வெறும் குப்பி. தினமும் தேய்க்கிறேன் என்றேனே. உள்ளேயா? உள்ளே எப்படித் தேய்ப்பது, வாய் சின்னது, என் சுண்டுவிரல்கூடப் போகாது. நோட்டிலா? எழுதியிருக்கிறேனே. 'மாற்றாதது' என்கிற இடத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதியிருக்கிறேன், தூளி, பாய், குப்பி. ஏதாவது சிலது அசையாமல் இருக்க வேண்டுமல்லவா, அப்போதுதானே ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பதினெட்டுப் பக்கத்திலும் இருக்கிறது.

கொடு கண்ணு. பெரியம்மா பார்த்துவிட்டுத் தருவார்கள். கொடு தனு. இதோ, இதோ தந்துவிடுவார்கள், அழக் கூடாது.

கர்ச்சீப்பை ஏனுங்க முறுக்கிக் குப்பிக்குள் விடுகிறீர்கள்.

கறுப்பாக இருக்குது.

இது எனக்குத் தெரியும். டிரம்மில் சலிக்கும்போது பறக்கிறது இதுதான். நான் மூக்குச் சிந்தினால் வருவது இதுதான். இவ்வளவு நாளாக இது உள்ளேயே இருந்திருக்கிறது. ஆசுபத்திரியில் இருந்த இருபது நாளும் இவள் கையில் இது இல்லை அக்கா. இருபது நாளும் இல்லை. 'தண்ணி' என்று சொன்னாள். வீட்டுக்கு வந்த அன்றைக்கு நானேதான் தேய்த்து எடுத்துவந்து கையில் வைத்தேன். நல்ல பிள்ளையாக இருந்தாய், இந்தா என்று.

அவர் பேத்தி வாயை மூன்று தடவை கழுவினார். அவ்வளவு கத்தியும் விடவில்லை.

நான் கேட்டேன் அக்கா. பாப்பாவுக்கு, ஊதி விளையாட, என்று வாய்விட்டுத்தான் கேட்டேன். மூச்சு அளவுக்கு எடை வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடிக்கிற மனுஷன். 'ம்' என்றார்.

அதைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க. இப்படிக் கொடுங்க, கர்ச்சீப்போடே கொடுங்க. டாக்டரம்மாவுக்குக் காட்ட வேண்டும். சொம்பு வேண்டாம். வாக்கும் வேண்டாம். வீட்டை விட்டுப் போகச் சொன்னால் போகிறோம், டிராக்டர் ஓட்டத் தெரிந்தவருக்கு வேறு தோப்பா கிடைக்காது. பாட்டிலில் தண்ணீர் இருந்தால் என் கையில் கொஞ்சம் ஊற்றுங்க, சன்னலுக்கு வெளியே கழுவிக்கொள்கிறேன். இவள் கையிலும். வாயிலும். இன்னொரு தரம் ஊற்றுங்க.

கண்டக்டரண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க, கிணத்துக்கடவிலேயே இறங்கிக்கொள்கிறேன். கோயமுத்தூர் திரும்புகிற வண்டி எந்தப் பக்கம் நிற்குங்க?

அழவில்லை அக்கா, அழுகையை நிறுத்திவிட்டாள். பாருங்கள், வெறும் கையை மூடி வாயில் வைத்து ஊதுகிறாள். சத்தம் வரவில்லை என்று என் முகத்தைப் பார்க்கிறாள்.